லீடிங் அண்ணனுக்குச் சொல்லாத தகவல்

மரப்பெட்டி வந்து இறங்கிய அந்தக் காலை இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. மாவட்ட அலுவலகத்து ஜீப்பிலிருந்து இரண்டு பேர் அதைத் தூக்கி வந்து, தீயணைப்பு வண்டி நிற்கும் கொட்டகைக்கு முன்னால் வைத்தார்கள். ஆணியடித்து மூடிய பெட்டி. யாரோ கடப்பாரை எடுக்க ஓடினார்கள். லீடிங் அண்ணன் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, வண்டியிலிருந்த சின்னக் கோடரியின் நுனியால் ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். ஒரு பலகையும் பிளக்கவில்லை. உள்ளே வைக்கோலுக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் இரண்டு வயர்லெஸ் செட்டுகள் இருந்தன. ஒன்று நிலையத்துக்கு, ஒன்று வண்டிக்கு. "மெதுவாடா, மெதுவா. ஆறு வருசமா கேட்டுக் கேட்டு வாங்கிக்கினு கீறோம்" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் வட்டாரத்தில், நெடுஞ்சாலையை ஒட்டி இருந்த ஒரு சிறிய தீயணைப்பு நிலையம் அது. 1991ஆம் வருடம். இப்போது அங்கே பார்க்கும் கம்பெனிகளில் பத்தில் ஒன்றுகூட அப்போது கிடையாது. முள்ளுக்காடும் பனையும் ஏரியும் கூரை வீடுகளுமாகத்தான் கிடந்தது. அந்த வருடம் எங்கள் ஊர்ப்பெயரை உலகமே வேறொரு காரணத்துக்காகத் தெரிந்துகொண்டது. நான் சொல்வது அதற்குச் சில வாரங்களுக்கு முந்தைய கதை. அதை எங்களைத் தவிர வேறு யாரும் நினைவில் வைத்திருக்க நியாயமில்லை. எனக்கு இருபத்திரண்டு வயது. குன்றத்தூரிலிருந்து சைக்கிளில் வந்து போவேன். வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட முடியவில்லை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. டெலிபோன் இருக்கும் வாட்ச் ரூமில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். எங்கே தீப்பிடித்தாலும் முதலில் என் காதுக்குத்தான் வரும். வண்டியில் போகும் ஆட்களுக்குத் தலைமையாகப் போகிறவரை 'லீடிங்' என்பார்கள். எங்கள் லீடிங்குக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். எல்லோருக்கும் அவர் லீடிங் அண்ணன்தான்.

அவர் ஏன் வயர்லெஸ்ஸுக்காக அவ்வளவு நடந்தார் என்பதை டிரைவர்தான் எனக்குச் சொன்னார். நான் சேருவதற்கு முன்னால் ஒரு கோடையில், முள்ளுக்காட்டுத் தீயை அணைத்துவிட்டு வண்டி திரும்பிக்கொண்டிருந்ததாம். அதே நேரத்தில் அவர்கள் கடந்து வந்த பாதையிலிருந்து ஒரு மைலுக்குள் நாலு குடிசைகள் எரிந்துகொண்டிருந்தன. நிலையத்துக்குப் போன் வந்திருந்தது. ஆனால் வண்டியில் இருப்பவர்களுக்கு அதை எப்படிச் சொல்வது? நிலையத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் தெரிந்து, வந்த வழியே திரும்பி ஓடினார்கள். போய்ச் சேர்ந்தபோது சாம்பல்தான் இருந்தது. அதிலிருந்து வருடாந்தரச் சோதனைக்கு எந்த அதிகாரி வந்தாலும் லீடிங் அண்ணன் நீட்டுவது ஒரே மனுதான். "போலீஸ் ஜீப்புல பேசுறாங்கய்யா, எங்க வண்டியில மட்டும் ஊமையாவே போய்க்கினு வரோம்" என்பாராம். சிலர் சிரித்தார்கள். சிலர் மனுவை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்கள். கடைசியில் அரசாங்கம் எங்கள் மாதிரி நிலையங்களுக்கும் கொடுப்பது என்று முடிவெடுத்தபோது, அது தன் மனுவால்தான் நடந்தது என்று அவர் நம்பினார். இல்லை என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

போலீஸ் வயர்லெஸ்காரர் ஒருவர் வந்து ஒரே ஒரு நாள் சொல்லிக்கொடுத்தார். பேசி முடித்ததும் 'ஓவர்' சொல்ல வேண்டும், வருகிற தகவலையும் போகிற தகவலையும் நேரம் போட்டு லாக் புக்கில் எழுத வேண்டும், தேவையில்லாமல் ஒரு வார்த்தை பேசக்கூடாது. அவர் போன பிறகு லீடிங் அண்ணன் வேறொரு காரியம் செய்தார். வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், எங்கிருந்து பேசினால் எனக்குக் கேட்கிறது, எங்கே கேட்காமல் போகிறது என்று பார்த்துக் குறித்து வைத்தார். செம்பரம்பாக்கம் ஏரிக்கரைமேல் ஏறி நின்றால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலக் கேட்டது. சில பள்ளங்களில் இறங்கினால் இரைச்சல் மட்டும்தான். சேரப்பணஞ்சேரிக்கு அந்தப்பக்கம் அவருடைய ஊருக்குப் போகும் கூட்டு ரோட்டில் நின்று, "இங்க கேக்குதாடா? ஓவர்" என்றார். "நல்லா கேக்குதுண்ணே, ஓவர்" என்றேன். "அப்ப எங்க ஊருக்குக் கவலை இல்ல" என்றார். அதற்கு ஓவர் சொல்ல மறந்துவிட்டார்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். ஒன்பது வயதில் ஒரு மகள், இடுப்பில் தூக்கிக்கொண்டு திரியும் வயதில் ஒரு மகன். மகளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடம் விட்ட ஒரு சனிக்கிழமை அவளைச் சைக்கிளில் கூட்டிவந்தார். வண்டியின் வெண்கல மணியை அடித்துப் பார்த்தாள். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு கண் தெரியாமல் நடந்தாள். பிறகு என் அறைக்கு வந்து வயர்லெஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றாள். விதிமுறைப்படி அவள் அந்த அறைக்குள்ளேயே வரக்கூடாது. லீடிங் அண்ணன் வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டு, "பாப்பா, அப்பா பேசறேன், கேக்குதா?" என்றார். அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நீ அங்கதான நிக்கிற, எனக்குத் தெரியுதே" என்றாள். கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தோம். அந்தப் பேச்சை மட்டும் நான் லாக் புக்கில் எழுதவில்லை.

தீயணைப்பில் வேலை செய்பவரின் வீடு கூரை வீடு என்பதை அவரே கேலி செய்துகொள்வார். அந்த வருடம் அதை மாற்றிவிடுவது என்று ஓடு வாங்கி, வீட்டுக்குப் பக்கத்திலேயே அடுக்கி வைத்திருந்தார். சித்திரை பிறந்ததும் வேலை ஆரம்பிப்பதாக இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பாப்பாவுக்கு அம்மை போட்டுவிட்டது. "ஆத்தா வந்து எறங்கி கீறா. கூரையில கை வெக்கக்கூடாதுன்னு வூட்ல சொல்லிட்டாங்க. தலைக்குத் தண்ணி ஊத்தட்டும், அப்பறம் பிரிச்சுக்கலாம்" என்றார். மூன்றாவது தண்ணீர் ஊற்ற இன்னும் நாலு நாள் இருந்தது.

அன்று மதியம் காற்று கொஞ்சம் பலமாக அடித்தது. வண்டி காலையிலிருந்தே ஒரு முள்ளுக்காட்டுத் தீயில் இருந்தது. இரண்டு மணிக்குமேல் லீடிங் அண்ணன் பேசினார். தீ அடங்கிவிட்டது, வழியில் ஏரியில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு திரும்புகிறோம் என்றார். நிலைய அதிகாரி ஒரு கூட்டத்துக்காக வெளியே போயிருந்தார். வாட்ச் ரூமில் நான் மட்டும்தான். சற்று நேரத்தில் போன் அடித்தது. ஒரகடம் பக்கத்தில் தின்னரும் பெயிண்டும் வைத்திருந்த ஒரு சிறிய கம்பெனி. கீழே கிடங்கில் தீ, மாடியில் பேக்கிங் செய்கிற பெண்கள் இறங்க முடியாமல் நிற்கிறார்கள் என்று ஒருவர் அழுதுகொண்டே சொன்னார். நான் உடனே வண்டிக்குச் சொன்னேன். "போறோம், ஓவர்" என்றார் லீடிங் அண்ணன். என் மனசு துள்ளியது. இதற்காகத்தானே அந்தப் பெட்டி வந்தது என்று நினைத்தேன்.

மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. மறுபடியும் போன். இந்தத் தடவை ஒரு ரைஸ் மில்லிலிருந்து. "குடிசைங்க பத்திக்கிச்சு சார். வரிசையா புடிச்சுக்கினு வருது" என்று சொல்லி ஊரின் பேரையும் சொன்னார். லீடிங் அண்ணனின் ஊர். "ஆளுங்க?" என்று கேட்டேன். "எல்லாம் வெளிய ஓடியாந்துட்டாங்க போல கீது சார்" என்றார்.

நான் மைக்கை எடுத்தேன். அதன் பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் போதும், அவருக்குக் கேட்கும். அழுத்தவில்லை. அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை இத்தனை வருடங்களில் எத்தனையோ விதமாக எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். மாடியில் பெண்கள் நிற்கிறார்கள். ஊரில் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். சொன்னால் அவர் வண்டியைத் திருப்பிவிடுவார். திருப்பாவிட்டாலும் அந்தப் பதற்றத்தோடு ஏணியில் ஏறுவார். சொல்லாமல் இருப்பதுதான் நல்லது. இவ்வளவு தெளிவாக யோசித்தேனா, இல்லை பயந்துபோய் உட்கார்ந்திருந்தேனா என்று இப்போது என்னால் சத்தியம் செய்து சொல்ல முடியாது. மைக்கைக் கீழே வைத்தேன். பக்கத்து நிலையத்துக்குச் சொல்லி அவர்கள் வண்டியை அனுப்பச் சொன்னேன். அது போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆயிற்று.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் லீடிங் அண்ணன் குரல் வந்தது. இருமிக்கொண்டே பேசினார். "பதினோரு பொம்பளைங்க. எல்லாரையும் எறக்கியாச்சு. உயிர்ச்சேதம் இல்ல. கேக்குதாடா? ஒரு உயிர் போவல. ஓவர்." குரலில் அப்படி ஒரு சந்தோஷம். அதற்குள் அவர் ஊரிலிருந்து எனக்கு இன்னொரு செய்தி வந்துவிட்டிருந்தது. "ஸ்டேஷன், கேக்குதா?" என்றார் மறுபடியும்.

"அண்ணே, வண்டிய உங்க ஊருக்கு விடுங்க."

"இன்னாடா?"

"குடிசைத் தீ. பக்கத்து ஸ்டேஷன் வண்டி போயிருக்கு. நீங்க போங்கண்ணே."

அந்தப் பக்கத்திலிருந்து ஓவர் வரவில்லை. கொஞ்ச நேரம் இரைச்சல் கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

அவருடைய மனைவி சின்னப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு அடிபம்பில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். வரிசையின் அந்தக் கோடியில் பிடித்த தீ காற்றில் இந்தக் கோடிக்கு வர அதிக நேரம் எடுக்கவில்லை. அம்மை போட்ட பிள்ளை வேப்பிலைமேல் உள்மூலையில் தூங்கிக்கொண்டிருந்தது. அம்மை வீடு என்பதால் அக்கம்பக்கத்தார் யாரும் உள்ளே போய் வந்துகொண்டிருக்கவில்லை. பிள்ளை பம்பண்டை தாயோடுதான் இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் நினைத்தார்கள். தாய் ஓடிவந்தபோது கூரை இறங்கிவிட்டது. ஓடுகள் மட்டும் அடுக்கியபடியே நின்றன. எங்கள் வண்டி அங்கே போய்ச் சேர்ந்தபோது லீடிங் அண்ணன் இறங்கியதும் குழாயை இழுத்து, புகைந்துகொண்டிருந்த இடங்களிலெல்லாம் தண்ணீர் அடித்தாராம். எல்லா வீட்டுக்கும் அடித்துவிட்டுத் தன் வீட்டுக்கு வந்தாராம். டிரைவர் அதைச் சொன்னபோது என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேலைக்கு வந்தார். வந்த அன்று காலையிலேயே என் அறைக்கு வந்து, எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, லாக் புக்கை எடுத்துப் பிரித்தார். அந்தத் தேதியில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறக்கினார். கம்பெனித் தீ, வண்டிக்குச் சொன்ன நேரம். ரைஸ் மில்லிலிருந்து போன், அதன் நேரம். பக்கத்து நிலையத்துக்குச் சொன்ன நேரம். விரல் அங்கே நின்றது.

"எனக்குச் சொன்னதா எழுதலியே."

"சொல்லலண்ணே."

"ஏன்டா?"

"திரும்பிடுவீங்கன்னு பயந்துட்டேன்."

அவர் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். லாக் புக்கை மூடிவிட்டு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னார்: "அந்த நேரத்துல கூட்டு ரோட்லதான்டா நின்னுக்கினு இருந்தோம். ஒரு லாரி குறுக்க ரிவர்ஸ் எடுத்துக்கினு இருந்தான். அங்கேர்ந்து என் வூடு ஒன்றரை மைலு. பொகை தெரிஞ்சுது. நான்தான் டிரைவர்கிட்ட காட்டினேன், எவனோ வைக்கோல் கொளுத்துறான் பாருன்னு. நீ சொல்லியிருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியல. அதைத் தெரிஞ்சுக்கக்கூட வுடாம பண்ணிட்டியேடா."

அடுத்த வாரம் விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். லாக் புக்கைப் பார்த்ததும் அவருக்கும் அதே சந்தேகம் வந்தது. இரண்டாவது அழைப்பை வண்டிக்குச் சொன்னாயா என்று என்னைக் கேட்டார். பக்கத்தில் நின்ற லீடிங் அண்ணன், "சொன்னான் அய்யா" என்றார். "வாயால சொன்னான், எழுத வுட்டுப்போச்சு. கம்பெனில ஆளுங்க மாட்டிக்கினு இருந்தாங்க. அங்க போறதுன்னு நான்தான் முடிவு பண்ணேன்." அதிகாரி எழுதிக்கொண்டார். நான் மறுக்கவில்லை. வெளியே வந்து அவர் கையைப் பிடித்தபோது, "உன் வேலை போயி எனக்கு இன்னா ஆவப்போவுது? வுடு" என்று கையை விலக்கிக்கொண்டார்.

அந்தப் பொய் அங்கேயே நின்றிருந்தால் பரவாயில்லை. சில மாதம் கழித்து, பதினோரு பெண்களைக் காப்பாற்றியதற்காக அவருக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். தன் வீடு எரிவது தெரிந்தும் கடமையைச் செய்தவர் என்று மைக்கில் படித்தார்கள். மறுநாள் அது பேப்பரில் வந்தது. அந்த வரி அவர் மனைவியின் காதுக்கும் போயிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை என்றால் பொய். தோன்றியது. வீட்டில் உண்மையைச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் ஒரே நிலையத்தில் நாலு வருடம் வேலை பார்த்தோம். ஒவ்வொரு முறை வண்டி கிளம்பி ரோட்டுக்குப் போனதும் அவர் குரல் வரும்: "ஸ்டேஷன், வேற தகவல் ஏதாச்சும் கீதா?" குத்திக் காட்டுகிற குரல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற குரல். "இல்லண்ணே, வேற ஒண்ணும் இல்ல" என்பேன். பிறகு எனக்கு மாற்றலாயிற்று. பதவி உயர்ந்தது. வயர்லெஸ் போய்ச் செல்போன் வந்தது, வண்டி எங்கே போகிறது என்று திரையில் புள்ளியாகத் தெரிகிற காலமும் வந்தது. புதிதாக ஒவ்வொன்று வரும்போதும் எங்களைக் கூட்டி உட்காரவைத்து வகுப்பு எடுத்தார்கள். தகவல் இனிமேல் நொடியில் போய்ச் சேரும் என்பார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

அவர் இறந்துபோன செய்தி எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. எனக்கு அப்போது ஐம்பது வயது தாண்டியிருந்தது. ஒரு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். அந்தப் பக்கமெல்லாம் அடையாளம் தெரியவில்லை. முள்ளுக்காடு இருந்த இடத்தில் கம்பெனிச் சுவர்கள், கூட்டு ரோட்டில் சிக்னல். குடிசைகள் இருந்த தெருவில் எல்லாம் காரை வீடுகள். அண்ணி வாசலில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். மகனுக்கு ஒரகடத்தில் கார் பார்ட்ஸ் கம்பெனியில் வேலை, முதல் ஷிப்ட் முடிந்து வருகிற நேரம் என்றார். பேசிக்கொண்டே இருந்தவர் சட்டென்று, "நல்ல மனுசன்தான், இல்லன்னு சொல்லல. ஆனா பொண்ணு எரியறது தெரிஞ்சும் வண்டியத் திருப்பாம போன மனுசன்" என்றார்.

"உங்ககிட்ட அப்படியா சொன்னாரு?" என்றேன்.

"பேப்பர்ல போட்டிருக்கானேன்னு கேட்டேன். நெசந்தான், தெரியும்னாரு. அதோட முடிஞ்சுது."

"தெரியாது அண்ணி" என்றேன். "அவருக்குத் தெரியாது. நான்தான் சொல்லல. போன் வந்தது எனக்கு. மைக்கைக் கையில எடுத்துட்டு, சொல்லாம கீழ வெச்சிட்டேன்." கிட்டத்தட்ட முப்பது வருடம் நெஞ்சிலேயே கிடந்தது. சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. விசாரணையையும் சொன்னேன். என் வேலை போகக்கூடாது என்று அவர் சொன்ன பொய்யையும் சொன்னேன்.

அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை. "அப்ப சொல்லியிருந்தா எங்க அண்ணன் தம்பிங்க உன்ன வுட்டுருக்க மாட்டானுங்க" என்றார். "அது அவருக்குத் தெரியும்." பிறகு குரல் உடைந்தது. "ஒரே வூட்ல இருந்தோம். சோறு ஆக்கிப் போட்டேன். ஆனா அந்த மனுசன் கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிச்சதில்ல நான். ஒடம்புக்கு முடியாம கெடக்கறப்ப டம்ளர்ல மொண்டாந்து நீட்டுவாரு. வாங்க மாட்டேன். கீழ வெச்சிட்டுப் போவாரு. அப்பவாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

தெருமுனையில் கம்பெனி பஸ் நின்றது. நீலச் சட்டையில், சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மகன் இறங்கி வந்தான். அவன் வீட்டை நெருங்கும்வரைகூட அண்ணி காத்திருக்கவில்லை. செருப்பில்லாமல் தெருவில் இறங்கி ஓடினார். அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்: "டேய், ஒங்கப்பாவுக்குத் தெரியாதாம்டா! அவருக்குத் தெரியவே தெரியாதாம்டா!"